காஜா பெராங்கில் பாலன் பிறக்காத பகல்

சென்ற வாரம் ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலாக்கா போகிறார்களாம். கோட்டை, ஆறு, சிவப்புக் கட்டடம் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, நம் தமிழ் ஆட்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். காஜா பெராங் போங்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவரும் என்னைப் போலவே அங்கே போய்த் திருதிருவென்று விழித்திருப்பார். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் பேருந்து விவரத்தை மட்டும் படித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை.

நான் முதன்முதலாக அங்கே கிறிஸ்துமஸுக்குப் போனது 1957-இல். மலாயா சுதந்திரம் பெற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இருபத்துநான்கு வயது. கோலாலம்பூர் செந்தூலில் ரயில் பட்டறை வேலை, கையில் மாதச் சம்பளம், தலையில் தேவைக்கு மேல் எண்ணெய். ஜனவரியில் கல்யாணம் பேசியிருந்தது. பெண்ணின் தகப்பனார் என்னைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்பாவும் அம்மாவும் இல்ல, சரி. அக்காவும் அத்தானும் இருக்காங்கல்ல? அத்தான் வந்து அப்பா எடத்துல நிக்கட்டும். அவர் வரலைன்னா நான் யோசிக்கணும்."

என் அக்கா ஞானம்மா வாழ்க்கைப்பட்டது மலாக்காவில், காஜா பெராங்கில். அத்தான் பெயர் அருளப்பன், பொதுப்பணித் துறையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அத்தானோடு நான் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, இந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வா என்று அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. நல்லதாகப் போயிற்று, முகத்தைக் காட்டி, ஒரு போத்தல் பிராந்தியைக் கொடுத்து, ஆளைச் சரிக்கட்டிக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். என் பக்தி அவ்வளவுதான்.

இருபத்தைந்தாம் தேதி காலை 6.45-க்குக் கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். தம்பின் வரை மூன்றாம் வகுப்புக்கு இரண்டு வெள்ளி எண்பது காசு. மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது. இருந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனது போனதுதான். தம்பினில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அதுவரை மூன்று மணி நேரம் ஜன்னல் ஓரம், வழி நெடுகக் கித்தா, அதாவது ரப்பர் மரங்கள். நடுச்சாமப் பூசை பார்த்துவிட்டுத் தூங்காமல் ஏறியவன் நான். தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு அப்பா செந்தூலில் விடியற்காலை இறந்தார். ஏழு மணிக்கு அக்காவுக்குத் தந்தி அடித்தேன். பதினொன்றரைக்கு அத்தானிடமிருந்து பதில் தந்தி வந்தது. புறப்பட்டுவிட்டோம், ஆறு மணிக்குள் வருவோம், காத்திருக்கவும். அவ்வளவுதான் செய்தி. அதைப் படித்தேன், மடித்தேன், போட்டிருந்த சட்டையின் பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பங்குச் சாமியாருக்கு ஐந்து மணிக்கு வேறு இடத்தில் வேலை. வந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, "சூசை, என்னப்பா செய்யலாம்?" என்று கேட்டார்கள். அதுவரை என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இருபத்தொரு வயதில் ஒரு வீட்டுக்கு நான் பெரிய மனிதன். "மலாக்காவிலருந்து தகவல் இல்ல. நாலு மணிக்கு எடுத்துடலாம்" என்றேன். எடுத்துவிட்டோம்.

அத்தானும் அக்காவும் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்கள். ரயிலைத் தவறவிட்டு, அன்னாசி ஏற்றிய லோரியில் இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். அக்கா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தவன் கத்துவான், நானும் கத்தினேன். "ஒரு பதில் தந்தி அடிக்கக் கையில்லாத மனுஷன், இப்ப வந்து என்ன?" என்று ஊர் முன்னால் அத்தானைக் கேட்டேன். "அடிச்சேனேப்பா" என்றார் அவர். "வரல" என்றேன். ஊர் என்னை நம்பியது. அத்தான் உள்ளே போய் ஈரத்துணி மாற்றிக்கொண்டு வந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், அக்காவைக் கூட்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இழவு வீட்டில் கை நனைக்காமல் போன ஆள் என்று அவரை மூன்று வருடம் எல்லாரிடமும் திட்டிக்கொண்டிருந்தேன். தந்தியை மட்டும் மறுநாள் தேடினேன். காணவில்லை. சட்டையும் இல்லை, யாரோ வெளுக்கப் போட்டிருப்பார்கள், துவைத்ததில் கரைந்துபோயிருக்கும் என்று நிம்மதியானேன்.

தம்பினில் இறங்கியபோது மணி 9.50. பஸ் 10.15-க்கு, கட்டணம் ஒரு வெள்ளி பத்துக் காசு. இருபத்துநாலு மைல், அலோர் காஜா வழியாக. மலாக்காவில் இறங்கும்போது 11.25. நகரத்திலிருந்து காஜா பெராங் ஒன்றரை மைல்கூட இருக்காது, நடந்தே போகலாம். நான் புதுச் சப்பாத்து போட்டிருந்ததால் சைக்கிள் ரிக்‌ஷா பேசினேன். ஐம்பது காசு.

ஓட்டியவர் நெற்றியில் விபூதி, தலையில் முண்டாசு. நம் ஆள் என்று தமிழில் பேச்சுக் கொடுத்தேன். மலாய் மொழியில் பதில் வந்தது. மலாக்கா செட்டி வம்சத்துக்காரர், அவர்கள் வீட்டுப் பேச்சே அதுதான், நடுநடுவே ஓரிரு தமிழ்ச் சொல் தலைகாட்டும். போகிற சந்தின் பெயரைச் சொன்னேன். மனிதர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கிறிஸ்மஸுக்கா? பெலும் லாஹிர்" என்றார். இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

யார் பிறக்கவில்லை என்று கேட்டேன். உங்கள் சாமிதான் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த போத்தலைப் பார்த்து, பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

சந்தில் இறங்கியதும் முதலில் உறைத்தது வாசனை. அதாவது, வாசனை இல்லாதது. கிறிஸ்துமஸ் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கிற சந்தில் மசாலா மணக்கவில்லை என்றால் ஏதோ சாவு என்றுதான் நினைப்போம். பாட்டு இல்லை, பட்டாசு இல்லை. வீடுகளின் முன்னால் வாத்துகள் நடமாடிக்கொண்டிருந்தன, உயிரோடு. அந்த நேரத்துக்கு அவை குழம்பில் இருக்க வேண்டியவை.

அக்கா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். "பசியாறினியா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே சங்கடப்பட்டாள். "கஞ்சிதான்டா இருக்கு. அத்தான்கிட்ட ஒண்ணும் கேக்காத. அந்தத் தந்திக்காரன் பண்ண வேல, மூணு வருஷமா இந்த மனுஷன் நெஞ்சுல கெடந்து அறுக்குது. அவன் நல்லா இருப்பானா?"

எந்தத் தந்திக்காரன் என்று நான் கேட்கவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தோடு என்னை முன்வாசலில் உட்கார வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து அருகில் உட்கார்ந்தார். லாசர் என்று பெயர், பஸ் கண்டக்டர், ஐந்தே நிமிஷத்தில் உறவுமுறை கண்டுபிடித்துப் பேசுகிற ரகம். என் போத்தலை ஆசையோடு பார்த்தார், பிறகு வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னதான் நடக்கிறது இங்கே என்று அவரைத்தான் கேட்டேன்.

சந்தின் கோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கிறிஸ்துமஸ் குடிலைக் காட்டினார். மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், மாடு, கழுதை, மூன்று இடையர்கள், எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில். நடுவில் வைக்கோல் மட்டும். பாலன் இயேசு இல்லை.

"ஜப்பான்காரன் காலத்துல ஆரம்பிச்சது மச்சான் இது" என்றார் லாசர். "அப்ப மரவள்ளிக்கெழங்கு அவிச்சித்தான் கிறிஸ்மஸ். புதுத்துணி இல்ல, கறி இல்ல, கேக்கு இல்ல. என்னதான்டா மிச்சம்னு எங்க ஆம்பளைங்க எல்லாம் ஒக்காந்து யோசிச்சாங்க. ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சி, பகையத் தீத்துக்கறது. வருஷத்துக்கு ஒரு வீட்டு மொற. இருபத்துநாலாந்தேதி சாயங்காலம் மொறக்காரரு பாலன கையில எடுத்துகிட்டு, எனக்கு யாரோடவும் பகை இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்லிட்டுப் பாலன வைக்கணும். அதுக்கப்புறம்தான் சந்துல அடுப்பு, கறி, தண்ணி எல்லாம். அவருக்கு எடம் குடுக்காம நாம தின்னா அதுக்குப் பேரு கிறிஸ்மஸா?"

"யாராவது சொல்ல முடியலைன்னா?"

"பதினஞ்சி வருஷமா அப்பிடி ஆனதில்ல. மொற வருதுன்னு தெரிஞ்சாலே ரெண்டு மாசம் முன்னாடி போயி கால்ல கையில விழுந்து ராசியாயிடுவாங்க. நானே எம்பொண்டாட்டியோட அண்ணன்கிட்ட பேசிட்டேன்னா பாத்துக்கயேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து உங்கத்தான் மொற. பாலன எடுத்தாரு. வாயத் தொறந்தாரு. இருக்குன்னுட்டாரு."

"என்ன இருக்கு?"

"பகை. ஒருத்தனோட பகை இருக்கு, பொய் சொல்லி வைக்க மாட்டேன்னு மறுபடி பிஸ்கோத்து டின்னுல வச்சிட்டாரு. யாருன்னும் சொல்லல. சரி, அடுத்த மொறக்காரன் வைக்கட்டும்னா அதுவும் கூடாது, அப்பிடி ஆரம்பிச்சா அப்புறம் ஒருத்தனும் ராசியாக மாட்டான். பேசி முடிச்சோம், அவரு வைக்கிற வரைக்கும் பதினாலு வீட்டுலயும் கஞ்சி. நடுச்சாமப் பூசைக்குப் போயிட்டு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தோம். பிள்ளைங்களுக்கு மட்டும் ரொட்டி வாங்கிக் குடுத்தோம்." வயிறு உறுமியது அவருக்கு. "சாமியாருகிட்ட கேட்டோம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா இந்த வருஷம் என் பிரசங்கத்துக்கு வேலையில்லன்னாரு."

என் கையில் கஞ்சிக் கிண்ணம் கனத்தது. அந்த ஒருத்தன் யார் என்று சந்தில் பதினான்கு வீட்டுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒருவன் செந்தூலில் உட்கார்ந்து வளர்த்த கோபத்துக்கு, எனக்கு முகம்கூடத் தெரியாத மனிதர்கள், பள்ளிக்கூடக் காவல்காரர், ஆஸ்பத்திரிச் சமையல்காரர், எல்லாரும் கிறிஸ்துமஸ் அன்று கஞ்சி குடிக்கிறார்கள். எனக்கு அதிர்ச்சி என்றால் அப்படி ஓர் அதிர்ச்சி. வெட்கம் அப்போது வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கோபம்தான் வந்தது. இந்த மனிதர் என்னை ஊர் நடுவில் மாட்டிவிட்டாரே என்ற கோபம். பெண்வீடு ஞாபகம் வந்தது. சட்டென்று முடித்துவிடலாம் என்று எழுந்தேன்.

அத்தான் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிஸ்கோத்து டின். அதற்குள்தான் பாலன், கைக்குட்டையில் சுற்றி. சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். நான் நேரே போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தான், நான்தான் அது. பழசெல்லாம் விடுங்க. நான் மன்னிச்சிட்டேன்" என்று கையை நீட்டினேன்.

ஆம், நான் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். இதை எழுதும்போது இன்றைக்கும் என் காது சுடுகிறது.

சுற்றியிருந்தவர்கள் முகம் மலர்ந்தது. "ஆண்டவருக்குத் தோத்திரம். வாத்துக்கு ஆயுசு முடிஞ்சிச்சி!" என்று லாசர் கத்தினார். யாரோ என் முதுகைத் தட்டினார்கள். அத்தான் என் கையைப் பிடித்தார், விடவில்லை. டின்னை லாசரிடம் கொடுத்தார். "சூசை, கெணத்தடி வரைக்கும் வா" என்றார்.

கிணற்றடியில் யாரும் இல்லை. அத்தான் ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னைக்கு மழையில நனஞ்சி வந்தேன்ல. மாத்திக்க உங்க பக்கத்து வீட்டம்மா ஒரு சட்டைய எடுத்துக் குடுத்தாங்க, ஆணியில தொங்குனது. நீலக் கோடு போட்டது. நெனவிருக்கா?"

நினைவிருந்தது. என் சட்டை. சவ அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை போடக் கழற்றி மாட்டிவிட்டுப் போனது. கத்துகிற மும்முரத்தில் அவர் மேல் அதை நான் கவனிக்கவே இல்லை.

"பையில இருந்துச்சி" என்றார் அத்தான்.

மூன்று வருடம். மூன்று வருடமாக இந்த மனிதருக்குத் தெரியும். ஊர் முன்னால் நான் அவரைக் கையில்லாதவர் என்று சொன்ன கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கிறது. அந்தத் தந்தியை எடுத்து வந்து அத்தனை பேர் நடுவில் என் முகத்தில் எறிந்திருக்கலாம். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அக்காவுக்கு?" என்றேன்.

"தெரியாது."

"ஏன் அத்தான் சொல்லல?"

"அன்னைக்குத்தான் அப்பாவ எழந்தா. அதே நாள்ல தம்பியையும் எழக்கணுமா?" அவர் கயிற்றை விட்டார். "ஒம்மேல எனக்கிருந்த கோவம் போயி நாளாச்சி சூசை. வேற ஒண்ணு போவல. தெனமும் அவ அந்தத் தந்திக்காரன திட்டுவா, நான் சும்மா ஒக்காந்து கேட்டுகிட்டிருப்பேன். பொய்யிதானே அதுவும்? நேத்து பாலன கையில எடுத்தேன். பகை இல்லன்னு சொல்ல வாயெடுத்தா, அவ எதுத்தாப்புல நிக்கறா. வாய் வரல. நீ கைகுடுத்தா முடியாது இது. நான் சொன்னாலும் முடியாது. நீதான் சொல்லணும்."

இதுவரை நான் போன பயணங்களிலேயே தொலைதூரம் எது என்று யாராவது கேட்டால், அந்தக் கிணற்றடியிலிருந்து அக்காவின் அடுப்படி வரைக்கும் என்று சொல்வேன். முப்பது அடி இருக்கும்.

அக்கா தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு சாம்பல் வாரித் துடைத்து வைத்திருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. தந்தி வந்தது அக்கா, நான்தான் வைத்துக்கொண்டேன், தந்திக்காரன் மேல் தப்பில்லை என்றேன். அவள் கை கொஞ்ச நேரம் கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"எத்தன மணிக்கு வந்துச்சி?"

"பதினொண்ணரைக்கு."

"அப்ப அப்பா வீட்டுலதான் இருந்தாரா?"

"ஆமாக்கா. நாலு மணி வரைக்கும் இருந்தாரு."

வாசலில் நின்றிருந்த அத்தானைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் தலையசைத்தார். அவள் என்னைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்த பார்வைதான் பயங்கரமாக இருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள், குடிலின் முன்னால் போய் நின்றாள்.

ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அத்தான் பின்னாலேயே போய், லாசரிடமிருந்து டின்னை வாங்கி, கைக்குட்டையைப் பிரித்து, பாலனைக் கையில் எடுத்தார். "எனக்கு இப்ப யாரோடவும் பகை இல்ல" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். குனிந்தார்.

"நில்லுங்க" என்றாள் அக்கா. "என்னைய யாரும் கேக்கலையே."

சந்தே ஆடிப்போய் நின்றது. பதினைந்து வருடத்தில் அந்தக் குடிலின் முன்னால் ஒரு பெண் வாய் திறந்ததில்லை. அந்த ஒரு கேள்வி ஆண்களுக்கு மட்டுமே ஆனது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், பெண்கள் உட்பட. ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஏதோ சொல்ல வந்தார். லாசர் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார். "கேளுங்க அருளப்பன். தங்கச்சியையும் கேளுங்க" என்றார்.

அத்தான் நிமிர்ந்தார். பாலன் அவர் இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. "ஞானம்மா, ஒனக்கு யாரோடயாவது பகை இருக்கா?"

"இருக்கு" என்றாள் அக்கா. "ரெண்டு பேரோட."

அத்தான் மறுபேச்சுப் பேசாமல் பாலனைக் கைக்குட்டையில் சுற்றி மறுபடி டின்னில் வைத்தார். அப்போது மணி இரண்டே கால். இன்னொரு நாள் கஞ்சிதான் என்று அத்தனை பேரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்களே தவிர, ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "விட்டுக்குடும்மா, நல்ல நாளும் அதுவுமா" என்று அவளிடம் சொல்லவில்லை. என்னை இன்றுவரை ஆச்சரியப்படுத்துவது அதுதான். செந்தூலாக இருந்தால் நானே முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன்.

அக்கா அங்கேயே வைக்கோல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒக்காரு. அப்பா மொகம் எப்பிடி இருந்துச்சி? சொல்லு."

சொன்னேன். முடிதிருத்துகிறவர் அவசரத்தில் சவரம் செய்ததில் இடது தாடையில் சின்னக் கீறல் இருந்ததைச் சொன்னேன். பழுப்புக் கோட்டுப் போட்டோம், மேல் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தினோம் என்றேன். எந்தச் செபமாலை என்று கேட்டாள். அம்மாவுடையது, கருப்பு மணி என்றேன். கண் முழுக்க மூடியிருந்ததா என்று கேட்டாள். வலது கண் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியில் யார் கைவைத்தது, யார் முத்தம் கொடுத்தது, காலுக்கு உறை போட்டீர்களா, ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கேட்டாள். எனக்கே மறந்துபோனதெல்லாம் அவள் கேட்கக் கேட்க வந்தது.

"சிரிச்ச மாதிரி இருந்துச்சா?"

"இல்லக்கா. யாரையோ கூப்புட வாயெடுத்த மாதிரி இருந்துச்சி."

"என்னையத்தான்" என்றாள் அக்கா. அப்போதுதான் அழுதாள்.

நானும் அழுதேன். அப்பா செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

நாலு மணி அடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அத்தானைப் பார்த்து, "கோவம் இருக்கு. அது போவ நாளாவும். பகை இல்ல. வைங்க" என்றாள். அத்தான் பாலனை எடுத்தார். வைக்கோல் சரசரத்தது. வைத்தார். பதினான்கு வீட்டு ஆண்களும் மண்ணில் முழந்தாளிட்டார்கள். நானும் முழந்தாளிட்டேன், புதுச் சப்பாத்தோடும் தேய்த்த காற்சட்டையோடும். அடுத்த பத்தாவது நிமிஷம் சந்து முழுக்கப் புகை. வாத்துகளுக்கு மட்டும் அது நற்செய்தி இல்லை. ஏழரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். லாசர் என் பிராந்தியை நியாயமாகப் பங்கு வைத்தார், தன் பங்கை மட்டும் கொஞ்சம் தாராளமாக.

அத்தான் ஜனவரியில் வந்து அப்பா இடத்தில் நின்றார். அக்காவும் வந்தாள். என் மனைவியிடம் நிறையப் பேசினாள், என்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை. அவள் கோபம் போக இரண்டு வருடம் பிடித்தது. சொன்னபடிதான் செய்தாள்.

இப்போது ஈப்போ வாசகருக்கு. கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு விரைவுப் பேருந்து நாள் முழுக்க இருக்கிறது, இரண்டு மணி நேரம். பண்டிகைக் கூட்டத்தில் மூன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டை ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து காஜா பெராங் டாக்சியில் கால் மணி நேரம். அத்தாப்புக் கூரை எல்லாம் போய்விட்டது, கல்வீடுகள்தான். அந்தக் குடும்பங்களில் பாதி புக்கிட் காதில், செமாபோக், பத்து பெரெண்டாம் பக்கம் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் இருபத்துநாலாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கார் காராக வந்து இறங்குவார்கள். அப்போது போங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு போவது நல்லது, விருந்து எத்தனை மணிக்கு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொன்று, 1958-இலிருந்து பெண்களையும் கேட்கிறார்கள். விருந்தாளிகளையும் கேட்பார்கள். சும்மா வேடிக்கை பார்க்கத்தானே வந்தோம் என்று சொன்னால் எடுபடாது. ஆகவே யாரிடமாவது பேச வேண்டியது பாக்கி இருந்தால், தயவுசெய்து பேருந்து ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அத்தான் இறந்தபோது நான் கோலாலம்பூரில் இருந்தேன். காலையில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மணி என்றாள். கார் சிரம்பானைத் தாண்டி நின்றுவிட்டது, பழுது பார்த்துக் கிளம்பவே மூன்றரை. கைத்தொலைபேசி இல்லாத காலம், தகவல் சொல்ல வழியில்லை. எல்லாம் முடிந்திருக்கும், இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். சந்துக்குள் நுழையும்போது ஆறு மணி பத்து நிமிஷம். நாற்காலி போட்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் உட்கார்ந்திருந்தார். லாசர் கிழவராகி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி திறந்தபடி இருந்தது. தலைமாட்டில் இருந்த அக்கா எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

"வா. மொகத்தப் பாரு" என்றாள்.

பார்த்தேன். அதன் பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.